பெருவிரல் நகம் வெள்ளையாகிறதா, முதலில் அதைப் பாருங்கள்

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். மலையகத்தில் ஹட்டன் பக்கம், ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறீர்கள், எலெக்ட்ரிக் கிட்டார் எடுத்து ஒன்றரை வருடம். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 120 தட்டு என்று வைத்தால், ஒரு தட்டுக்கு நாலு நோட் (சுரம்) சுத்தமாக வருகிறது. அதை 160-க்குக் கொண்டுபோக மூன்று வாரமாக ஒரு நாளைக்கு மூன்று, நாலு மணித்தியாலம் அடிக்கிறீர்கள். இப்போது வலது கையில் பெருவிரல் அடியில் மணிக்கட்டின் பக்கவாட்டிலும், முழங்கைக்குக் கீழே மேல்பக்கத் தசையிலும் எரிச்சலோடு வலி. கூட வாசிக்கும் நண்பர் "வலிச்சாத்தான் கை பழகும், விட்டுடாதே" என்கிறார். ஒன்றரை மாதத்தில் கோயில் திருவிழாவில் உங்கள் இசைக்குழு மேடை ஏறுகிறது. தொடரலாமா என்பது உங்கள் கேள்வி.

வேகப் பயிற்சியை இன்றைக்கே நிறுத்துங்கள். கிட்டாரை மூடி வைக்கச் சொல்லவில்லை, வலது கையின் வேகத்தை மட்டும்தான் சொல்கிறேன். திருவிழாவுக்கு நீங்கள் வாசிக்கலாம், அதற்கு வழி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

உங்கள் நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அவர் இரண்டு வலியை ஒன்றாக்கிவிட்டார். கிட்டார் தொடங்கின முதல் மாதம் இடது கை விரல் நுனியில் கம்பி வெட்டி எரியுமே, அந்த வலி பழகும். அது தோல் வலி. தோல் இரண்டு மூன்று வாரத்தில் தடித்துக்கொள்ளும், அப்புறம் வலிக்காது. எல்லாரும் அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறோம், அதனால்தான் "வலித்தால் பழகும்" என்ற பேச்சு கிட்டார்காரர்களிடம் இவ்வளவு சுலபமாக ஓடுகிறது. வலது மணிக்கட்டில் உங்களுக்கு வருவது தசைநாண் வலி போலத் தெரிகிறது. தசையை எலும்போடு கட்டி இழுக்கும் அந்த நாண் தோலைப் போல நடக்காது. அதற்கு இரத்த ஓட்டம் குறைவு. தசை சில வாரத்தில் பலம் பிடித்துவிடும், நாண் அதற்கு ஈடுகொடுக்க மாதக்கணக்கில் எடுக்கும். அந்த இடைவெளியில்தான் ஆள் மாட்டிக்கொள்கிறான்: கைக்குத் தெம்பு வந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் ஏற்றலாம் என்று தோன்றும், ஆனால் உள்ளே நாண் இன்னும் தயாராகியிருக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 160-ல் தட்டுக்கு நாலு நோட் என்றால் நிமிடத்துக்கு 640 அடி, பத்து நிமிடத்துக்கு 6,400. நீங்கள் மூன்று மணித்தியாலம் என்கிறீர்கள், அதில் பாதி நேரம்தான் உண்மையில் கை ஓடியிருந்தாலும் ஐம்பதாயிரத்தைத் தாண்டிவிடும். ஒவ்வொரு அடியிலும், கம்பியை மீட்டும் அந்தச் சின்னத் தகட்டை, பிக்கை, இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

அந்த இறுக்கிப் பிடிப்பதுதான் என் முழுப் பேச்சும். வேகம் கையைக் கெடுப்பது குறைவு. வேகம் வரவில்லையே என்று கையை இறுக்குகிறோமே, அதுதான் கெடுக்கிறது.

என் அம்மா 31 வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், குறைந்தால் அரைப் பேர். சின்ன வயதில் பள்ளிக்கூட லீவு நாளில் சாப்பாடு கொண்டு மலைக்குப் போவேன், அப்போது அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கொழுந்தின் தண்டைத் தொட்டது தெரியும், அடுத்த கணம் மணிக்கட்டில் ஒரு சின்னச் சொடுக்கு, கொழுந்து கைக்குள் இருக்கும். இழுக்க மாட்டார், பிடுங்க மாட்டார். புதிதாக வேலைக்கு வந்த அக்காமார் பக்கத்து வரிசையில் ஒவ்வொரு கொழுந்தையும் இறுக்கிப் பிடித்துப் பிய்ப்பார்கள், உள்ளங்கையில் சேர்ந்ததையும் கூடைக்குப் போடாமல் கசக்கிக்கொண்டே நடப்பார்கள். நசுங்கின கொழுந்து கூடைக்குள்ளேயே சிவந்துவிடும், கங்காணியிடம் ஏச்சு விழும். மூன்று மணிக்கு அவர்களுக்குக் கை மரத்திருக்கும். அம்மா அவர்களைவிட இரண்டு மடங்கு வேகம், கை சும்மா காற்றில் போவது மாதிரி இருக்கும்.

பல வருடம் கழித்து, நான் எங்கள் தோட்டத்து லயன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பிக்கை வைத்துப் போராடிக்கொண்டிருந்தபோது அம்மா பார்த்துவிட்டு, "ஏன்டா அதைப் போட்டு இப்படி நசுக்குற, அது எங்க ஓடப்போவுது?" என்று கேட்டார். எனக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்த எவரும் அதற்கு முன்னால் அப்படிச் சொன்னதில்லை.

சரி, உங்கள் கைக்கு வருவோம். பிக்கைப் பிடித்து உங்கள் 160-ஐ ஐந்தே விநாடி அடித்துப் பாருங்கள், அடிக்கும்போது பெருவிரல் நகத்தைக் கவனியுங்கள். போனில் பக்கவாட்டில் வைத்து வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. நகத்தின் நுனி வெள்ளையாகி, அடியில் மட்டும் இரத்தம் கட்டின மாதிரிச் சிவந்து தெரிந்தால் நீங்கள் நசுக்குகிறீர்கள். பெருவிரலின் மேல் மூட்டு பின்பக்கமாக வில் போல வளைந்திருந்தாலும் அதே கதை. ஒரு ஆளை எதிரே நிற்க வைத்து, நீங்கள் வாசிக்கும்போதே பிக்கை இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். லேசான பிடிவாதத்தோடு உருவி வர வேண்டும். இழுக்கிறவர் உங்கள் கையையே சேர்த்து இழுக்க வேண்டிவந்தால் பிடி அளவுக்கு மிஞ்சியது.

பிடி ஏன் இறுகுகிறது என்றும் பார்க்க வேண்டும். "கையைத் தளர்த்து" என்று சொல்வது எல்லாருக்கும் சுலபம், காரணம் இருக்கும் வரை கை தளராது. முதல் காரணம் பிக்கின் ஆழம். பிக் நுனி கம்பிக்குக் கீழே நாலைந்து மில்லிமீட்டர் இறங்கினால் ஒவ்வொரு தடவையும் கம்பி அதைப் பிடித்து முறுக்கும், முறுகாமல் இருக்க விரல் இறுக்கும். ஒன்றரை மில்லிமீட்டர் பட்டாலே சத்தம் வரும், சத்தத்தைப் பெருக்க ஆம்ப் எதற்கு இருக்கிறது? விரலுக்கு வெளியே தெரியும் பிக்கின் அளவையும் குறைத்துப் பிடியுங்கள். இரண்டாவது பிக்கின் தடிப்பு. மெல்லிய பிக் வேகத்தில் வளைந்து பின்தங்கும், அதைச் சரிக்கட்டக் கை இன்னும் அழுத்தும். 1 மில்லிமீட்டரோ அதற்குக் கொஞ்சம் கூடவோ, மேல் பரப்பு சொரசொரப்பாக இருப்பதை வாங்குங்கள்.

அப்புறம், அசைவு எங்கிருந்து வருகிறது? முழங்கையைப் பூட்டிவிட்டு மேல்கைத் தசையை விறைக்க வைத்து நடுங்குகிற மாதிரி அடிப்பவர்கள் நிறையப் பேர். சும்மா ஒரு வேகம் கிடைக்கும், அரை நிமிடத்தில் முன்கை எரியும். உங்கள் முன்கை எரிச்சல் அதுவாக இருக்கலாம். வாசிக்கும்போது இடது கையால் வலது மேல்கையைத் தொட முடியாது, அதனால் அம்மாவையோ தங்கையையோ தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கல் மாதிரி இருந்தால் அங்கேதான் கோளாறு. மூச்சைப் பிடித்திருக்கிறீர்களா, பல்லைக் கடித்திருக்கிறீர்களா, வலது தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறதா என்பதையும் அதே வீடியோவில் பாருங்கள். அசைவு மணிக்கட்டிலிருந்தோ, கதவுக் குமிழைத் திருப்புவது போல முன்கை லேசாக உருள்வதிலிருந்தோ வர வேண்டும். இரண்டில் எது உங்களுக்கு இயல்பு என்பது ஆளுக்கு ஆள் வேறு. கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் கையை வைத்து, விரல் நுனியால் எவ்வளவு வேகமாகவும் சோம்பலாகவும் சுரண்ட முடியும் என்று பாருங்கள். உங்கள் கைக்குப் பிடித்த அசைவு எது என்று தானாகத் தெரியும்.

இன்னொன்று பலர் கவனிப்பதில்லை. ஒரே கம்பியில் வேகமாக அடிக்கும்போது வலியில்லை, கம்பி மாறும்போதுதான் கை இறுகுகிறது என்றால் பிரச்சினை பலம் இல்லை, பிக் இரண்டு கம்பிக்கு நடுவில் சிக்கிக்கொள்கிறது. டவுன் ஸ்ட்ரோக்கில், அதாவது கீழ்நோக்கிய அடியில், முடித்து கீழ்க் கம்பிக்குப் போக வேண்டும், ஆனால் பிக் உள்ளே புதைந்து நிற்கிறது. அதை வெளியே தூக்கிப் போட மணிக்கட்டு ஒரு வெட்டு வெட்டும். நிமிடத்துக்கு நூறு தடவை அந்த வெட்டு. பிக்கைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால், மேல்நோக்கி அடிக்கும் அப் ஸ்ட்ரோக் முடிவில் அது தானாகக் கம்பிக்கு மேலே வந்துவிடும். அப்படியானால் கம்பி மாறும் இடமெல்லாம் அப் ஸ்ட்ரோக்குக்குப் பிறகு வருகிற மாதிரி அந்தப் பகுதியை மாற்றி அமையுங்கள், நடுவில் ஒரு நோட்டை இடது கையால் மட்டும் தட்டி எழுப்பினால் கணக்குச் சரியாகிவிடும். என் மாணவர்களில் சிலருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே வலி நின்றது.

சுண்டுவிரலைக் கிட்டார் உடம்பில் ஊன்றுகிறீர்களா? தொட்டுக்கொண்டிருந்தால் குற்றமில்லை, அழுத்தி நட்டுவைத்தால் மணிக்கட்டு முழுக்கப் பூட்டிக்கொள்ளும்.

மேடை விஷயம். நம் ஊர்க் கோயில் மேடைகளில் கிட்டார்காரனுக்குத் தன் சத்தம் கேட்க வைக்கும் மொனிட்டர் பெட்டி கிடைப்பது அபூர்வம். டிரம்ஸ் முதுகுக்குப் பின்னால், கீபோர்டு ஒரு பக்கம், பாடகர் முன்னால், தன் சத்தம் தனக்குக் கேட்காது. கேட்காதபோது மனிதன் என்ன செய்வான், பலமாக அடிப்பான். வீட்டில் 130-ல் சும்மா போகிற கை மேடையில் அதே 130-ல் வலிப்பது அதனால்தான். உங்கள் ஆம்பை ஒரு நாற்காலி மேல் தூக்கி வைத்து உங்கள் காதைப் பார்த்துத் திருப்புங்கள். தரையில் இருந்தால் சத்தம் உங்கள் முழங்காலுக்குத்தான் போகும்.

குளிரைச் சொல்லாமல் விட முடியாது. ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேலே, நுவரெலியா 1,800-க்கும் மேலே. மார்கழி, தை மாதத்தில் விடியற்காலையில் எழுந்து நேரே கிட்டாரைத் தூக்கினால் விரல் மரத்திருக்கும். மரத்த விரலுக்குத் தான் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பது தெரியாது, அதனால் தேவைக்கு அதிகமாகவே பிடிக்கும். ஐந்து நிமிடம் கையை இளஞ்சூடான தண்ணீரில் வையுங்கள், முழங்கை வரை ஸ்வெட்டர் போடுங்கள், முதல் பத்து நிமிடம் மெதுவாகக் கோர்ட் (பல கம்பியைச் சேர்த்து மீட்டுவது) வாசியுங்கள். மூடுபனி ஈரத்தில் நம் பக்கம் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், துருக் கம்பியில் பிக் உராய்ந்து உராய்ந்துதான் போகும், வாசித்து முடித்ததும் காய்ந்த துணியால் துடைத்து வையுங்கள்.

இனி வலி எங்கே என்பது. பெருவிரல் அடியில், மணிக்கட்டின் பக்கவாட்டில் என்கிறீர்கள். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, கை முஷ்டியை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். மெதுவாக. பெருவிரல் அடியில் சுரீர் என்று குத்தினால், பெருவிரலை ஆட்டும் இரண்டு நாண்கள் போகும் உறை வீங்கியிருக்க இடமுண்டு. 1895-ல் டி கெர்வன் என்ற சுவிஸ் அறுவை மருத்துவர் எழுதிவைத்ததால் அவர் பெயரிலேயே அதைச் சொல்கிறார்கள். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கித் தாய்மாருக்கும் வரும். என் அம்மாவுக்கும் வந்தது. இவ்வளவு லேசான கை உள்ளவருக்கு எப்படி என்று கேட்பீர்கள். கொழுந்து ஏராளமாக வந்த ஒரு மாதத்தில் ஞாயிறும் கைக்காசு வேலைக்குப் போய் நாளுக்கு முப்பது கிலோ வரை எடுத்தார், அதுதான். கை எவ்வளவு லேசாக இருந்தாலும் அதற்கும் ஒரு அளவு உண்டு, ஒரே மாதத்தில் அதை இரண்டு மடங்காக்கக் கூடாது. நீங்களும் மூன்று வாரத்தில் அதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

வலியைவிட மரத்துப்போவது எனக்குப் பயம். பெருவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்து, இரவில் எழுப்பினால் மணிக்கட்டின் உள்பக்கச் சுரங்கத்தில் நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம் கொள்ளலாம். அந்தச் சின்ன இடத்தில் ஒன்பது நாண்களும் ஒரு நரம்பும் போகின்றன, நாண் வீங்கினால் நரம்புக்கு இடமில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் வேறு நரம்பு, அது முழங்கையில் சிக்கும். விரல் மரத்தால், பிடி பலம் குறைந்தால், வீக்கத்தைத் தொட்டால் நறநற என்றால், அல்லது இரண்டு வாரம் ஓய்வு கொடுத்தும் குறையாவிட்டால், காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். வலியே இல்லாமல், கிட்டாரைத் தொட்டால் மட்டும் ஒரு விரல் தானாகச் சுருள்கிறது என்றாலும் போக வேண்டும். லியோன் ஃபிளைஷர் என்ற அமெரிக்கப் பியானோ கலைஞருக்கு 1960-களின் நடுவில் வலது கை விரல்கள் அப்படிச் சுருண்டு, பல வருடம் இடது கையால் மட்டும் வாசித்தார்.

மாத்திரை விஷயத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். திருவிழாக் காலம் ஒன்றில் வாரத்துக்கு மூன்று, நாலு மேடை. மணிக்கட்டு வலித்தது. ஒரு இடத்தில் கேட்டதும் வலி ஊசி போட்டு விட்டார்கள், கை எப்படிக் கெட்டது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வலி போய்விட்டது என்று அன்றிரவே வாசித்தேன். அடுத்த மேடைக்கு இன்னொரு ஊசி. ஐந்தாவது வாரம் காலையில் தேத்தண்ணி பிளாஸ்க்கின் மூடியைத் திருப்ப முடியவில்லை. துணி பிழிய முடியவில்லை. சாவியைத் திருப்ப இடது கை. ஐந்து மாதம் கிட்டாரைத் தொடவில்லை, அந்த வருடம் முழுக்க எனக்கு வருமானமும் இல்லை. வலி மாத்திரை போட்டுத் தூங்குங்கள், வலி மாத்திரை போட்டுக்கொண்டு வாசிக்காதீர்கள். காய்ச்சல் இருந்தால் டைக்ளோஃபெனாக், ஐபியூபுரூபன் பக்கமே போகக் கூடாது, டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவு ஆபத்து, அது கிட்டாரைவிடப் பெரிய விஷயம்.

சித்தாலேப என்ற வலித் தைலம் பூசலாமா என்றால் பூசுங்கள், சூடாக இதமாக இருக்கும். எண்ணெய் தடவுவதும் சரி. நாட்டு வைத்தியரிடம் போய் மணிக்கட்டைச் சொடுக்கெடுக்க மட்டும் கொடுக்காதீர்கள், வீங்கின நாணை அழுத்தித் தேய்த்து உருவினால் இன்னும் வீங்கும்.

அடுத்த பத்து நாளைக்கு வலது கைக்கு வேகம் இல்லை. இடது கைக்கு வேலை கொடுங்கள், பாட்டுகளின் கோர்ட்களைக் காதால் கண்டுபிடியுங்கள், மெதுவான ராகம் ஒன்றை விரலால் மீட்டுங்கள். பத்து நாள் கழித்து, சாதாரண வேலைகளில் வலி இல்லையென்றால், காலையில் ஐந்து நிமிடம் மாலையில் ஐந்து நிமிடம் தொடங்குங்கள். நீங்கள் மெட்ரோனோமை 120, 125, 130 என்று ஏற்றி விடாமல் ஓட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்தத் தடவை வேறு மாதிரி: மெட்ரோனோமை 140-ல் வையுங்கள், ஒரு தட்டுக்கு நாலு நோட் மட்டும் அடித்து அடுத்த தட்டின் முதல் நோட்டில் நில்லுங்கள். அந்தத் தட்டின் மிச்சமும் அடுத்த இரண்டு தட்டும் சும்மா, கையைத் தொங்கப் போடுங்கள். ஐந்து நோட், ஓய்வு, ஐந்து நோட், ஓய்வு. வேகத்தின் அசைவு கைக்குக் கிடைக்கும், இறுக்கம் சேர நேரம் இருக்காது. மெதுவாக அடிக்கும்போது கை செய்யும் அசைவும் வேகத்தில் செய்ய வேண்டிய அசைவும் பலருக்கு ஒன்றில்லை, அதனால் மெதுவையே மாதக்கணக்கில் ஏற்றிக்கொண்டு போவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. கூட்டலாமா என்பதை மறுநாள் காலை சொல்லும். எழுந்ததும் மணிக்கட்டு நேற்றைவிட வலித்தாலோ விறைத்திருந்தாலோ அன்றைக்குப் பாதியாகக் குறையுங்கள்.

திருவிழாவுக்கு 160 வேண்டாம். நாலு நோட்டில் இரண்டை மட்டும் பிக்கால் அடித்து மற்ற இரண்டை இடது கையால் தட்டியும் இழுத்தும் எடுங்கள், வலது கையின் வேலை சரிபாதி. கூட்டத்தில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. மிக வேகமான அந்த ஒரு இடத்தைக் கீபோர்டு நண்பருக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் மேலே நீட்டி ஒரு நோட் பிடியுங்கள். வேகமான ஆட்டப் பாட்டான பைலா வரிசை வந்தால் அதுவும் வலது கையை வாட்டும், இரண்டு பைலாவுக்கு நடுவில் ஒரு மெதுவான பாட்டு வைக்கச் சொல்லிப் பட்டியலை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் போக வேண்டிவந்தால் பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காசு இல்லை, அங்கிருந்து பிசியோதெரபிக்கு எழுதித் தருவார்கள். போகும்போது அந்த வீடியோவைப் போனில் வைத்திருங்கள், முடிந்தால் கிட்டாரையே தூக்கிக்கொண்டு போங்கள். நான் மூன்றாவது தடவை போனபோதுதான் கிட்டாரோடு போனேன். பிசியோதெரபிஸ்ட் அக்கா ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் வந்து நின்றார், மணிக்கட்டைப் பார்க்கவே இல்லை, வலது தோளில் இரண்டு விரலை வைத்துக் கீழே அழுத்தினார். ஸ்ட்ராப்பை இரண்டு ஓட்டை கூட்டிக் கிட்டாரை இறக்கச் சொன்னார். அந்த ஸ்ட்ராப் இன்றைக்கும் அதே ஓட்டையில்தான் இருக்கிறது.